பட்டியலில் இல்லாத இயந்திரம்

செல்வி யோகராணி அவர்கள் ஏலத்தில் எவரையும் ஏமாற்றவில்லை. செத்த வீட்டில் இரண்டு நாட்களாக நான் கேட்ட கதை பிழையானது. "மனிசி என்ன கெட்டித்தனம் பாருங்கோ! இயந்திரம் இல்லையெண்டு எல்லாரையும் நம்ப வைச்சு, இரும்பு விலைக்கு அமெரிக்கன் கார் எடுத்தவா" என்று பந்தலில் ஒருவர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் மெச்சிச் சிரித்தார்கள். இரங்கலுரை ஆற்றியவரும் அதையே நகைச்சுவையாகச் சொல்லி அமர்ந்தார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். ஆனால் நேர்மையான ஒருவரைக் கெட்டிக்காரத் திருடி என்று சொல்வது புகழ்ச்சி ஆகாது. அந்த ஏலப் பட்டியலைத் தட்டச்சுச் செய்தவள் நான். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய தம்பி கேட்டபோது, எழுதினால் இதைத்தான் எழுதுவேன் என்று சொன்னேன்.

சாவுச் செய்தியைச் சொன்னவரும் அந்தத் தம்பிதான். காலைத் தேநீர் ஆறுவதற்குள் தொலைபேசி அடித்தது.

"அக்கா, ராணியக்கா விடிய போயிட்டா. நித்திரையிலேயே."

நான் கேட்ட முதற் கேள்வி, "கார் எங்கே நிக்குது?" என்பதுதான். அவர் கோபிக்கவில்லை. "கொட்டிலுக்கைதான் அக்கா. நேற்றும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவா" என்றார். அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யோகராணி அவர்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு சிறிய தபாற்கந்தோரில் உப தபாலதிபராக இருந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. என் அலுவலகத்தின் பதிவுத் தபால்களை நான்தான் அவரிடம் கொண்டுபோவேன். முதல் நாள் அவர் எழுதிய பற்றுச்சீட்டில் நான் ஒரு பிழை கண்டேன். அவர் நான் எழுதிய முகவரியில் இரண்டு பிழைகள் கண்டார். அன்றிலிருந்து சிநேகிதிகள்.

அவருக்குக் கார் என்றால் உயிர். எல்லாக் கார்களும் அல்ல. அமெரிக்கக் கார் என்றால் கப்பல் மாதிரி நீளமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்த காலத்தில், அமெரிக்கர்களே செய்து, அமெரிக்கர்களே மறந்துவிட்ட சிறிய, வேகமான கார்களை அவர் தேடித் தேடிப் படித்தார். "எல்லாரும் திரும்பிப் பார்க்கிற காரைப் பற்றிக் கதைக்க நான் எதுக்கு? ஒருத்தரும் பார்க்காததைக் காட்டுங்கோ, கதைக்கிறன்" என்பார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலிருந்து கழிக்கப்படும் மோட்டார் சஞ்சிகைகள் நசீர் நானாவின் கடைக்கு நிறைக் கணக்கில் வரும். பழைய கடதாசியும் பழைய இரும்பும் வாங்கி விற்பது அவர் தொழில். அட்டையில் கார் இருந்தால் ஒதுக்கி வைத்துவிட்டு, தபாற்கந்தோரின் யன்னலுக்குள் தலையை நீட்டி, "போஸ்ட் மிஸ், உங்கட மாப்பிள்ளமாரு வந்திரிக்காங்க!" என்பார். வரிசையில் நிற்பவர்கள் திகைப்பார்கள். யோகராணி முத்திரை குத்தியபடியே, "எத்தனை பேர் நானா?" என்று கேட்பார்.

யுத்தம் எங்கள் பக்கம் இறுகியிருந்த எண்பதுகளில்தான் அந்த ஏலம் நடந்தது. நான் வேலை செய்த களஞ்சியத்தின் முற்றத்தில், கட்டட வேலைக்கு வந்து அவசரமாக நாடு திரும்பிய ஒரு வெளிநாட்டுப் பொறியியலாளரின் கார் வருடக்கணக்காக நின்றது. ஏலப் பட்டியலுக்காக நானும் களஞ்சியக் காப்பாளரும் அதைப் பார்வையிட்டோம். முன் மூடியைத் திறந்தோம். உள்ளே வெறுமை. ஒரு சிலந்தி மட்டும் இருந்தது. முற்றங்களில் நின்ற வண்டிகளின் இயந்திரங்கள் காணாமற் போவது அந்நாட்களில் புதினமல்ல. வோக்ஸ்வாகனுக்கு இயந்திரம் பின்னால் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு நீள மூக்குள்ள வண்டிக்கு அப்படி இருக்கும் என்று நான் எண்ணவில்லை. பின்பக்கம் சுவரோடு ஒட்டி, பழைய சங்கிலிக் குவியலுக்குள் புதைந்து கிடந்தது. "இயந்திரம்: இல்லை" என்று கார்பன் தாள் வைத்து ஆறு பிரதிகள் அடித்தேன்.

ஏலத்துக்கு முதல் நாள் யோகராணி வந்தார். காரின் அருகே குந்தியிருந்து கண்ணாடியூடாக உள்ளே பார்த்தார். எழும்பி என்னைப் பார்த்துக் கூவினார்.

"றோஸ்! ஆறு! ஆறு வட்டம்!"

"என்ன ஆறு?"

"டாஷ்போட்டில ஆறு மீட்டர்! இதின்ர மலிவு மொடல் மொன்சா எண்டால் இப்பிடி இராது. இது கோர்சா. செவர்லே கோர்வேர் கோர்சா! ரெண்டே வருசந்தான் செய்தவங்கள். உள்ளுக்கு நாலு கார்பரேட்டர் இருக்கும்!"

"இயந்திரமே இல்லை, பிறகு நாலு கார்பரேட்டர் எங்கே இருக்கும்?"

"ஆர் சொன்னது இல்லையெண்டு?"

"பட்டியல் சொல்லுது."

"பட்டியலை ஆர் அடிச்சது?"

"நான்."

அவர் மூச்சு விட்டார். "றோஸ், இயந்திரம் பின்னுக்கு. திருத்துங்கோ."

"கண்ணால் காணாததை நான் எழுத மாட்டன்."

"கண்ணால காணாமத்தானே இல்லையெண்டு எழுதினனீங்கள்?"

நான் காப்பாளரைக் கூப்பிட்டேன். கோபம் இருந்தது. சங்கிலிகளை அகற்ற ஆள் இல்லை என்று காப்பாளர் கையை விரித்தார். பட்டியலில் மேலதிகாரி கையொப்பம் இட்டுவிட்டார். திருத்தினால் என் கவனக்குறைவு எழுத்தில் பதிவாகும். பன்னிரண்டு வருடமாகத் தட்டச்சில் ஒரு பிழையும் விடாதவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் காப்பாற்றிக்கொண்டேன்.

"அப்ப நாளைக்கு நான் சொல்லுறன், எல்லாருக்கும் முன்னால" என்றார் அவர்.

"சொன்னால் விலை ஏறும். உங்களுக்குக் கிடையாது."

"தெரியும். தெரியாத ஆக்களிட்ட இருந்து அடிச்சுப் பறிக்க ஏலாது. பிறகு அதில ஏறி இருக்கேக்கை என்னெண்டு சந்தோசமா இருக்கிறது?"

மறுநாள் முற்றத்தில் இருபது பேரளவில் கூடியிருந்தார்கள். கொழும்பு வீதி மூடியிருந்ததால் வெளி ஆட்கள் வரவில்லை. நசீர் நானாவின் அனுமதிப் பாஸில் ஏதோ குறை என்று காவலாளி அவரைப் படலையில் மறித்து வைத்திருந்தார். கார் ஏலத்துக்கு வந்ததும் யோகராணி முன்னுக்கு வந்து, கோயிலில் தேவாரம் பாடும் குரலில் உரத்துச் சொன்னார்: "எல்லாரும் கேளுங்கோ. பட்டியல் பிழை. இந்தக் காரின்ர இயந்திரம் பின்னுக்கு இருக்குது."

முற்றம் சிரித்தது.

"பின்னுக்கு இயந்திரம் எண்டால் ரிவேர்சிலதான் ஓடுமோ?"

"மிஸ், நீங்கள் முத்திரை ஒட்டுங்கோ. இரும்பை எங்களிட்ட விடுங்கோ!"

ஏலம் கூறுபவர் என் பக்கம் திரும்பினார். "மிஸிஸ், பட்டியல் என்ன சொல்லுது?"

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. யோகராணியும் பார்த்தார். "இயந்திரம் இல்லை" என்றேன். வேறு எவரும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அப்போதுதான் நசீர் நானா உள்ளே வந்தார். யோகராணி அவரைப் பார்த்தபடி இரண்டாம் தரமும் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு ஹெலிகொப்டர் துறைமுகத்துக்கு மேலால் தாழப் பறந்து வந்தது. எல்லோரும் அண்ணாந்தோம். அவருடைய உதடுகள் அசைவதை மட்டும் கண்டேன். சத்தம் அடங்கியதும் அவர் மீண்டும் வாயைத் திறந்தார். ஏலம் கூறுபவர் அதற்குள் தொடங்கிவிட்டார். யோகராணி வாயை மூடிக்கொண்டார்.

விலை ஏறத் தொடங்கியது. மற்றவர்கள் விலகிவிட, அவரும் நசீர் நானாவும் மட்டும் எஞ்சினார்கள். நானா விலை கேட்பார், யோகராணி ஏற்றுவார். நானா தலையைச் சொறிவார், திரும்பவும் கேட்பார்.

"போஸ்ட் மிஸ், இந்தத் தகரம் ஒங்களுக்கு என்னத்துக்கு? கோழி வளக்கவோ?"

"எனக்கு வேணும் நானா. விடுங்கோ."

"சரி மிஸ், கோழியாவது நல்லா இரிக்கட்டும்!"

ஒருதரம், இரண்டு தரம், மூன்று தரம். பலகையில் தட்டிய சத்தம் கேட்டதும் யோகராணி காரின் கூரையில் இரு கைகளையும் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். நான்கு பேர் சங்கிலிகளை இழுத்து அகற்றி, வண்டியை முன்னுக்குத் தள்ளினார்கள். பின் மூடி இறுகியிருந்தது. ஒருவர் இரும்புக் கம்பியால் நெம்ப, அது முனகிக்கொண்டு திறந்தது.

அங்கே இருந்தது. தூசியும் துருவும் மூடி, அகலமாகப் படுத்திருந்தது இயந்திரம். யோகராணி சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்துத் துடைத்து எண்ணினார். "ஒண்டு! ரெண்டு! மூண்டு! நாலு! றோஸ், நாலு!" வெட்கத்தில் குன்றிப்போக வேண்டிய நானும் அந்த நேரத்தில் அவரோடு சேர்ந்து கைதட்டிவிட்டேன். சிரித்தவர்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நசீர் நானா இயந்திரத்தைப் பார்த்தார், யோகராணியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "நல்லாயிரிக்கி மிஸ். நல்லாத்தான் இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் படலையைக் கடந்து போனார்.

அந்தக் காரை ஓட வைக்க எட்டு மாதம் எடுத்தது. அதன் காற்றாடிப் பட்டி, அதாவது ஃபேன் பெல்ட், மற்ற வண்டிகளில் போல நேராக ஓடாது. மூலையில் திரும்பி மேலேறி, படுத்தபடி சுற்றும். அப்படியொரு பட்டி இந்த மாவட்டத்தில் ஏது? அவர் நூலால் அளவெடுத்து, அந்த நூலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திரிந்தார். கடைசியில் தோப்பூரில் ஒரு நெல் ஆலைக்காரரிடம் அளவான பட்டி கிடைத்தது. இயந்திரம் உறுமிய அன்று அயலில் இரண்டு வீட்டார் பதுங்கு குழிக்குள் இறங்கிவிட்டார்கள். யோகராணி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். முகத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்பவரின் களை இல்லை.

முதல் ஓட்டத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதியால் போனார். சோதனைச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் வலப்பக்கம் வந்து என்னிடம் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் கேட்டான். நான் ஓட்டவில்லை, அமெரிக்கக் காருக்குச் சுக்கான் இடப்பக்கம் என்றேன். என் முன்னால் சுக்கான் இல்லாததைக் கண்டு அவன் ஓர் அடி பின்வாங்கினான். முன் மூடியைத் திறக்கச் சொன்னான். இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் இருந்தன. இயந்திரம் எங்கே என்று கேட்டபோது அவன் குரல் மாறியிருந்தது. நான் இருக்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். யோகராணியோ இறங்கிப் போய்ப் பின் மூடியைத் திறந்து, தன் அரைகுறைச் சிங்களத்தில் ஆறு சிலிண்டர், நான்கு கார்பரேட்டர் என்று விளக்கத் தொடங்கினார். அவன் விசிலடித்து மற்றவர்களையும் கூப்பிட்டான். சாவடி முழுவதும் வந்து குனிந்து நின்றது.

"ராணி, போவம்" என்று கெஞ்சினேன்.

"பொறுங்கோ றோஸ், இவருக்கு விளங்குது!"

அன்று நிலாவெளி வீதியில் அவர் மிதித்த மிதியில் என் கொண்டை அவிழ்ந்துபோனது. நான் அப்படிச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது. வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்தது என்பதையும் அந்தக் கால் மணி நேரம் நான் மறந்திருந்தேன்.

நசீர் நானா அதன்பிறகு தபாற்கந்தோர் யன்னலில் தலை நீட்டவில்லை. யோகராணி இரண்டு தரம் அவருடைய கடைக்குப் போனார். "கார் பொத்தகம் ஒண்டும் வாறல்ல மிஸ்" என்று முகம் பாராமல் சொன்னாராம். அடுத்த இடப்பெயர்வில் கடை பூட்டப்பட்டது. அவர் கிண்ணியாப் பக்கம் போனார் என்றார்கள், மூதூர் என்றார்கள். தபாலதிபருக்கே முகவரி கிடைக்கவில்லை. இயந்திரத்தை மறைத்து எடுத்தார் என்ற கதை மட்டும் ஊரில் தங்கியது. என் கணவர் அப்போதே சொன்னார்: "பிழை உன்ரதெண்டு ஒரு கடிதம் எழுதினால் முடிஞ்சுது." நான் எழுதவில்லை. கணவரும் இறந்து, நானும் ஓய்வூதியம் வாங்கி, தலை நரைத்த பிறகுதான் யோகராணியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களில கோபமில்லை றோஸ்" என்றார். "நான் ரெண்டு தரம் சொன்னனான். நானா ரெண்டையும் கேக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும். ஹெலி போன பிறகு மூண்டாம் தரம் சொல்லியிருக்க வேணும். காரில ஆசை, வாயை மூடிப்போட்டன்."

"அவருக்குக் கேட்டிருக்கும் ராணி. பகிடி எண்டு நினைச்சிருப்பார்."

"கேட்டிருந்தால் நல்லம்" என்றார். பல வருடங்களாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று அன்று அறிந்தேன்.

ராணி, உங்கள் பெயரில் படிந்தது என் பிழை. அதை இன்று அச்சில் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சுக்கானைப் பிடித்தபடி, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுகி வர, "ஏறுது, ஏறுது!" என்று மீட்டர் முள்ளைக் காட்டிக் கூவிய அந்த முகத்தோடே உங்களை வழியனுப்புகிறேன். போய் வாருங்கள்.

நசீர் நானா, அல்லது அன்று அந்த முற்றத்தில் அவருக்கு அருகில் நின்ற எவரேனும், இந்த மலரை வாசித்தால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். இயந்திரம் பின்னால் இருக்கிறது என்று யோகராணி அவர்கள் சொன்னது நானாவுக்குக் கேட்டதா, இல்லையா? எது உண்மையோ அதை ஒரு வரியில் எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். என் முகவரி மலர்க் குழுவினரிடம் உள்ளது. தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.