மாமன் நாற்காலி

ஜோதிமணி என்னிடம் படிக்க வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஹனூர் தாலுகா கௌதள்ளிக்காரி. கணவன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அந்தக் கடைக்கு எதிர் மாடியில் நான் நோயாளி பராமரிப்பு வகுப்பு நடத்திவந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவரை நம் முதுகு பிடிக்காமல் புரட்டுவது, விழுங்க முடியாதவருக்குப் புரையேறாமல் கஞ்சி ஊட்டுவது, இவைதான் பாடம். விண்ணப்பத்தில் 'குழந்தை ஒன்று, பெண். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிற்று' என்று எழுதியிருந்தாள். "புத்திசாலி" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டேன்.

மகள் வைஷாலியைத் தன் அம்மா மாரக்காளிடம் விட்டுவிட்டு சிங்கப்பூர் போனாள். ஒரு சீனக் குடும்பத்தில் வேலை. வீட்டில் எல்லோரும் போபோ என்று அழைத்த, எண்பதைத் தொட்ட கிழவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வாள்.

"சிஸ்டர், இந்தக் கட்டடத்துல பன்னெண்டு மாடி இருக்குதுங்க. லிப்டுல ஏறுனா பூரா வயசானவங்கதான். குழந்தை அழுற சத்தமே இல்லீங்க."

நம்பவில்லை. நகரத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள் என்றேன். அடுத்த வருடம் ஒரு படம் அனுப்பினாள். கீழ்த்தளத்துப் பாலர் பள்ளியை மூடிவிட்டு முதியோர் பகல் பராமரிப்பு நிலையம் ஆக்கியிருந்தார்கள். சுவரில் வரைந்த முயலும் வாத்தும் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே சக்கர நாற்காலிகள் வரிசையாக. நாற்பது வருடம் நோயாளிகளோடு இருந்தவள் நான். அந்தப் படத்தை மட்டும் வகுப்பில் யாருக்கும் காட்டவில்லை.

போபோ கூடப் பிறந்தவர்கள் எட்டுப் பேர். அவளுக்குப் பிறந்தது இரண்டு பெண்கள். அப்போது அங்கே இரண்டோடு நிறுத்தச் சொன்ன காலம்; மூன்றாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கட்டணம் கூடுதல். பின்னால் அதே அரசாங்கம் குழந்தை பெற்றால் பணம் தருகிறேன் என்றது. மூத்தவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இளையவளுக்கு ஒரே ஒரு பெண்.

அந்தப் பேத்தியின் கல்யாணத்தன்றுதான் ஜோதிமணி அழுதுகொண்டே போன் செய்தாள். மணமக்கள் பெரியவர்களுக்கு வரிசையாகத் தேநீர் கொடுக்க வேண்டும். மறதி நோய் முற்றியிருந்த போபோ திடீரென்று, "தாய்மாமன் எங்கே? அவனுக்குக் கொடுக்காமல் மற்றவர்களுக்கா?" என்று கத்தினாளாம். மாமன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. மாப்பிள்ளையும் ஒற்றைப் பிள்ளை, அவன் அம்மாவும் ஒற்றைப் பிள்ளை. கிழவி விடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போடச் செய்து, அதன்முன் கோப்பையை வைக்கவைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

"கடசீல நான்தான் அதைக் கொண்டுபோய் சிங்க்ல கொட்டுனேனுங்க. சிஸ்டர், ஒரு காகிதம் எடுங்க. நம்ம வீட்டை எழுதிப் பாருங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மாரக்காள் கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர். மாரக்காளுக்கு இரண்டு பெண்கள். ஜோதிமணிக்கு ஒன்று, அவள் அக்காவுக்கு ஒன்று, இரண்டும் பெண். ஜோதிமணியின் கணவனும் வீட்டுக்கு ஒரே பையன். சிங்கப்பூரில் நடந்தது ஹனூர் தாலுகாவிலும் நடந்திருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

போபோ இறந்ததும் ஜோதிமணி திரும்பி வந்தாள். வைஷாலிக்கு அதற்குள் கல்யாணமாகி, பதினோரு மாதப் பெண் குழந்தை. போன மாதம் நஞ்சன்கூடு கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. மாரக்காளின் தம்பி பேரன் மதன், முறையில் வைஷாலிக்குத் தம்பி, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் வருவதாக ஏற்பாடு. அவனுக்குப் புது வேட்டியும் துண்டும் வாங்கி வைத்திருந்தாள் ஜோதிமணி.

பத்தர் ஊசியோடு உட்கார்ந்து, "சோதர மாவ யாரம்மா?" என்று கன்னடத்தில் மாமனைத் தேடினார். அந்த நேரத்தில் மதன் போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை.

வைஷாலியின் மாமியார் சித்தம்மா எழுந்துவிட்டாள். "பொறந்த வீட்டுப் பக்கம் ஒரு ஆம்பளைக்கு வழியில்லையா? இத்தன சனத்தைக் கூட்டிட்டு வந்து மானத்த வாங்கறீங்களே! எந்திரி வைஷாலி, போலாம். புள்ளைக்கு எங்க ஊர்ல எங்க ஆளுங்கள வெச்சு நாங்களே குத்திக்கறோம்."

வைஷாலி குழந்தையை அணைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். இன்று எழுந்து போனால், அந்தக் குழந்தையின் எந்த விசேஷத்திலும் ஜோதிமணி வீட்டுக்கு இடமிருக்காது. எனக்கு அது தெரியும், மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஜோதிமணி பையிலிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாள். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தாலி அறுத்தவ உக்கார்ற எடமா இது?" என்றாள் சித்தம்மா.

"சம்பந்தி, மாமனைப் பெத்துருக்க வேண்டியவ நான். பெறல. அவனுக்குப் பதிலா நான்தான் உக்காரணும். காலி நாற்காலிய நான் பாத்துட்டு வந்திருக்கறனுங்க. எம் பேத்திக்கு அது வேண்டாம்."

வைஷாலி குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். நான் போய்த் தலையை அசையாமல் பிடித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். பத்தர் சித்தம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு குத்தினார். குழந்தை வீறிட்டது. சித்தம்மாதான் முதலில் சர்க்கரையை அள்ளி அதன் வாயில் வைத்தாள்.

மைசூருக்குத் திரும்பும் ரயிலில் சித்தம்மா சமாதானமாகிவிட்டிருந்தாள். "அடுத்தது பையனாப் பெத்துரு வைஷாலி. இந்தப் புள்ளைக்கு நாளைக்குப் பொறக்கறதுக்காவது ஒரு மாமன் வேணும்" என்றாள்.

வைஷாலி குழந்தையின் காதைப் பார்த்தபடியே, "இது ஒண்ணு போதும்னு நாங்க டிசைட் பண்ணிட்டோம் அத்தே" என்றாள்.

சித்தம்மா ஜோதிமணி பக்கம் திரும்பினாள்.

ஜோதிமணி தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்தாள். மகளின் பையைத் திறந்து, குழந்தையின் துணிகளுக்கு அடியில் அதைத் திணித்தாள்.

"பத்தரமா வெச்சுக்கோ. நீ பாட்டியாகறப்ப உனக்கு வேணும்."