சாலையோர வரிசைகள்

டோரிக்கா உரத்தைச் சோடாப் புட்டியின் மூடியால்தான் அளப்பாள். அள்ளி, கட்டைவிரலால் மேலே வழித்துவிட்டு, மக்காச்சோளத் தூருக்குச் சற்றுத் தள்ளிக் குழி குத்திப் போடுவாள். விரலில் ஒட்டிய குருணையையும் அடுத்த குழியில் தட்டிவிடுவாள்.

புருஷன் ஜோகன்னஸ்பர்க் போனவன், தகவல் இல்லை. அவளும் மகள் ஜெனாலாவும் வருஷம் முழுக்கச் சாப்பிட அந்த நிலம்தான்.

அந்த வருஷம் மானிய உரச் சீட்டு அவள் பெயருக்கு வந்தது. ஆனால் மலாவியில் எங்கள் பக்கத்து வழக்கப்படி மூட்டைகள் ஊர்த் தலைவர் லாஸ்டன் முற்றத்தில்தான் இறங்கின. சீட்டு வராத வீடுகளுக்கும் சேர்த்து வாளி வாளியாகப் பிரித்தார்.

"எம்பேர்ல வந்த மூட்டைப்பா."

"ஒன் வீட்ல களி வேகும்போது பக்கத்து வீட்டுக்காரி மோந்து பாத்துட்டு ஒக்காந்திருக்கணுமா, தாயி?"

யாரோ சிரித்தார்கள். டோரிக்கா வாளியை எட்டிப் பார்த்தாள். "இது கோழிக்குத் தூவத்தான் காணும்."

"அதான் சொல்றேன், சாலையோர வரிசைக்கு மட்டும் போடுங்க. விவசாய ஆபீசர் வண்டில வருவாரு. பயிர் மஞ்சளாக் கண்டா ஒரமே போடலன்னு எழுதிருவாரு, அடுத்த வருஷம் சீட்டு கெடையாது."

ஊரே அப்படித்தான் செய்தது. அவளும் செய்தாள்.

பிப்ரவரியில் மழை நின்றது. உள்வயல் முழங்கால் உயரத்தில் கருகியது. சாலையோரம் மட்டும் ஆளுயரப் பச்சை. உரித்தால் கதிரில் மணி இல்லை.

எந்த ஊருக்கு நிவாரண தானியம் என்று முடிவு செய்ய ஒரு வெள்ளை வண்டி வந்தது. டோரிக்கா பொக்கைக் கதிரைத் தூக்கிப் பிடித்துச் சாலையில் நின்றாள். வேலி ஓரமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி அவளைச் சுற்றிக்கொண்டு போனது. தானியம் ஆற்றுக்கு அக்கரை ஊரில் இறங்கியது.

அடுத்த விதைப்புக்குள் டோரிக்காவின் குதிர் காலி. பிறர் வயலில் களை வெட்டிக் கூலியாகத் தவிடு வாங்கினாள். அவள் வயலில் புல் முளைத்தது. ஜெனாலாவுக்குப் பட்டினியில் கால் வீங்கியது. ஜனவரியில் புதைத்தோம்.

சில வருஷம் கழித்து, தானியக் கிடங்கில் மூட்டை தூக்கும்போது, அன்று அந்த வண்டியை ஓட்டியவரைச் சந்தித்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அந்த ஊரா? நல்ல வெளைச்சல்னு எழுதிக்கிட்டாங்க, தம்பி. யாரும் எறங்கல. ஓரமெல்லாம் அவ்வளவு பச்சையா இருந்துச்சே!"