தட்டத் தெரியாத ஆமை

இன்னைக்கு திருவொத்தியூர்ல, என் நாலாங்கிளாஸ் பசங்களுக்கு கம்ப்யூட்டர்ல லோகோன்னு ஒரு ப்ரோகிராம் பாடம். திரையில ஒரு ஆமை இருக்கும். இத்தனை அடி முன்னாடி போ, வலது பக்கம் திரும்புன்னு டைப் பண்ணா அப்படியே நடக்கும்.

ஸ்கூல்ல இருந்து வூடு வரைக்கும் காலடி எண்ணினு வாங்கன்னு நேத்தே சொல்லியிருந்தேன்.

கௌசல்யா தன் வூட்டு வழியை கடகடன்னு அடிச்சா. கடைசி வரியில, இங்கிலீஷ் எழுத்துல 'தட்டு'.

"கதவ தட்டணும்ல மிஸ்?"

'எனக்குத் தட்டத் தெரியாது'ன்னு திரையில இங்கிலீஷ்ல வந்துச்சு. க்ளாஸே சிரிச்சுது.

சாயங்காலம் வெளையாட்டா அவ எழுதின மாதிரியே நடந்து பாத்தேன். டீக்கடை தாண்டி, ஐஸ் பேக்டரி தாண்டி, கடைசித் திருப்பம். கடல் அரிப்பைத் தடுக்க கரையில கொட்டின பாறாங்கல்லு குறுக்க வந்துச்சு. கணக்குப்படி இன்னும் நாப்பது அடி பாக்கி. எதிர்ல அலைதான்.

அங்க கருவாடு காய வச்சுகினு இருந்தது அவ அம்மா. விஷயத்தைச் சொன்னதும் கை அப்படியே நின்னுடுச்சு.

"எங்க பழைய வூடு மிஸ் அது. கடல் தூக்கினு போய்ட்ச்சு. இவ அப்போ பொறக்கவே இல்ல. இப்போ ஸ்கூலுக்குப் பின்னாலதான் கீறோம்."

பக்கத்துல நின்ன கௌசல்யா கிட்ட, "அந்த நாப்பது அடியை எப்படிம்மா எண்ணின?"ன்னு கேட்டேன்.

"நடந்துதான் மிஸ். தட்டினா தொறப்பாங்க."

ப்ரோகிராம்ல ஒரு தப்பும் இல்லீங்க. ஆமைக்குத்தான் தட்டத் தெரியல.

நீங்களா இருந்தா எத்தனை மார்க் போடுவீங்க?