லோஸாவின் வயிற்றில் ஒரு கட்டி

என் புருஷன் ஸப்ரி நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறவர். ஹெலியோபோலிஸில் டிராம் பாதை ஓரம் கடை. குளிப்பாட்டுவது அவர், துவட்டிக் காய வைப்பது நான். ஷூப்ராவில் எங்கள் தெருவே அவரை நாய் நாவிதன் என்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாய் வாய் பட்டதை ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது மார்க்கம்; என் அம்மாவோ சட்டை மாற்றாமல் அவரை ரொட்டிக்குப் பக்கத்தில்கூட விட மாட்டாள்.

"ஏழு தடவை கழுவினியா மாப்பிள்ளை?"

"எட்டு அத்தை. ஒண்ணு உங்களுக்காக."

அவர் கைக்கு ஒரு ராசி இருந்தது. நுரைக்குள் விரல் ஓடும்போதே எங்கே புண், எங்கே கட்டி என்று தெரிந்துவிடும். எத்தனையோ நாய்களை நேரத்தோடு டாக்டரிடம் அனுப்பிப் பிழைக்க வைத்திருக்கிறார். வாய்தான் கொஞ்சம் முரட்டு வாய். "பணத்தை என்கிட்ட குடுக்காதீங்க, டாக்டர்கிட்ட குடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார்.

எங்கள் வாடிக்கைக்காரி மதாம் இன்ஸாஃபிடம் மட்டும் அந்த வாய் திறக்கவில்லை.

அவள் புருஷன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் கனடாவில். வீட்டில் அவளும் அவள் நாய் லோஸாவும்தான். லோஸா வெள்ளைச் சுருள் முடிக்காரி, ஒன்பது வயது. மதாம் அதற்கென்று கோழி ஈரலை வேக வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள். அந்த ரமதானுக்கு முந்தின வாரம் ஸப்ரி லோஸாவின் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். முலைக்காம்புக்குப் பக்கத்தில் கொண்டைக்கடலை அளவுக்குக் கல் மாதிரி ஒன்று.

"சொல்லிருங்க" என்றேன் மெதுவாக.

"இப்ப வேணாம் நவால். இன்னும் துக்கக் கறுப்பையே கழட்டல அவங்க. பெருநாள் போகட்டும்."

எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். அந்தக் கெட்ட வியாதியின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். நோயாளிக்கும் சொல்ல மாட்டோம், நோயாளியை அதிகம் நேசிக்கிறவருக்கும் சொல்ல மாட்டோம். அதற்குப் பேர் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெருநாள் போனது. அடுத்த பெருநாளும் போனது. ஒவ்வொரு தடவையும் கடலை வளர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஸப்ரி லோஸாவின் கழுத்தில் ரிப்பன் கட்டி, "ராணி மாதிரி இருக்கா மதாம்" என்று கையில் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் ட்ரையரைத்தான் போட்டேன்.

குளிர் தொடங்கியபோது மதாம் லோஸாவைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தாள். அதற்கு மூச்சு வாங்கியது.

"நுரையீரலுக்குப் போயிருச்சாம். ஒரு வாரம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடலையளவா இருக்கும்போதே வெட்டி எடுத்திருக்கலாமாம். யாரு குளிப்பாட்டுறதுன்னு கேட்டாரு" என்றாள்.

ஸப்ரி கையிலிருந்த சீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்ப்பா ஸப்ரி, உன் கைக்குத் தெரியாம இருந்திருக்காதே."

"தெரியும் மதாம். உங்களுக்காகத்தான்... நீங்க தாங்க மாட்டீங்கன்னு."

மதாம் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் புருஷனுக்கு வந்ததையும் அப்பிடித்தான் மறைச்சாங்க. அல்சர்னு சொன்னாங்க பிள்ளைங்க. நான் பத்தியம் போட்டு, அவரு ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு வறுத்த மீனைக்கூடக் குடுக்காம சண்டை போட்டேன். அடக்கம் பண்ண அன்னிக்குத்தான் உண்மையைச் சொன்னாங்க. அதுவும் எனக்காகத்தானாம்." லோஸாவின் காதைத் தடவினாள். "எனக்காக எனக்காகன்னு, ரெண்டு பேருக்கும் நான் ஒண்ணும் செய்ய முடியாமப் பண்ணிட்டீங்களேப்பா."

பிறகு லோஸாவை ஸப்ரியின் கையில் கொடுத்தாள்.

"குளிப்பாட்டு. அவளுக்கு வெந்நீர் பிடிக்கும்" என்றாள் மதாம்.

குளிப்பாட்டினார். ட்ரையர் சத்தத்துக்கு அது பயப்படுமே என்று நான் துண்டாலேயே துவட்டினேன். ரிப்பன் கட்டவில்லை. மதாம் வழக்கம்போல எங்களுக்கு நன்றி சொல்லி, லோஸாவைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் வரவேயில்லை.

அன்றைக்கு அவள் போனதும் ஸப்ரி தொட்டி ஓரத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கோழை, சரி. நீயாவது சொல்லியிருக்கலாமே நவால்" என்றார்.

சொல்லியிருக்கலாம். லோஸா ஒவ்வொரு தடவையும் அவர் கையிலிருந்து என் கைக்குத்தானே வந்தது.