நூர்முகம்மது பூட்டிய எஞ்சின்

வண்ணார்பேட்டையில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அடுத்தது நூர்முகம்மது பாயின் பைக் ஒர்க்‌ஷாப். மனுஷருக்கு வாய் நீளம். டேங்க் நிறைய ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருகிறவனிடம், "வண்டிக்குச் சீலை உடுத்தியாச்சு, எண்ணெய் ஊத்துனியாலே?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர் போன வருஷம் தொழுதுவிட்டுக் கடைக்கு வரும் வழியை மறந்து, ஆற்றுப் பாலத்தில் போய் நின்றார். பிறகு சாப்பிட்டதை மறந்துவிட்டுச் சோற்றுத் தூக்கைத் தேட ஆரம்பித்தார்.

அவர் மனைவி ரைஹானத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ரைஹானத்தை லாத்தா என்று கூப்பிடும் அவர் தம்பி ரசீத் அதே கடையில் புது வண்டிகளைப் பார்க்கிறவன். "ஒரு பிரேக்க ஒழுங்காப் பூட்டலன்னா ஒரு உசிரு போயிரும் மச்சான். லாத்தா தூங்குறதே இல்ல. கடைய என்கிட்ட விட்டுட்டு வீட்டுல இருங்க" என்றான். நியாயமான பேச்சுதான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

பாய் ஒரு வழி சொன்னார். பழைய வாடிக்கைக்காரர் தில்லைநாயகம் சாரின் வண்டி அப்போது பிரித்துக் கிடந்தது. சாரின் அப்பா ஓட்டிய இங்கிலீஷ்கார ரெட்டை சிலிண்டர் வண்டி. "இந்த எஞ்சின நான் ஒத்தையாப் பூட்டுதேன். நீ தொறந்து பாரு. தப்பு இருந்தா கடைச் சாவிய நானே தாரேன். இல்லன்னா என்னைய என் போக்குல விட்ரணும்" என்றார்.

அந்த எஞ்சினில் வலது சிலிண்டரின் கேம் மேடு தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது. வால்வு எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை அந்த முட்டை வடிவ மேடுதான் தீர்மானிக்கும். பாய் அதில் வெல்டிங் வைத்து, இடது சிலிண்டரின் தேயாத மேட்டை மாதிரியாகக் கொண்டு, தேய்த்துத் தேய்த்து அதே வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வாய் மறுபடி நீண்டிருந்தது. இரண்டு மேடுகளையும் என்னிடம் காட்டி, "ரெட்டைப் பிள்ளையளுக்குள்ள கூட இம்புட்டு ஒத்துமை கிடையாதுவே" என்றார். சோறு கொண்டுவந்த ரைஹானத் அன்று வாசலில் நின்று சிரித்தார்.

எல்லாம் பூட்டி, உதைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு ரசீதைக் கூப்பிட்டார். ரசீத் பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே எஞ்சின் அச்சில் ஒரு பல்சக்கரம், கேம் அச்சுகளில் ஒவ்வொன்று, எல்லாவற்றையும் இணைக்கிற நடுச்சக்கரம். ஒவ்வொன்றிலும் புள்ளி உண்டு. புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துப் பூட்டினால்தான் வால்வு உரிய நேரத்தில் திறக்கும். அவை இப்போது ஆளுக்கொரு பக்கம் நின்றன. ரசீத் நாலைந்து தடவை சுற்றிப் பார்த்தான். அவன் பார்க்கிற புது வண்டிகளில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புள்ளி கூடிவிடும். இதில் கூடவில்லை.

"புள்ளி சேரலயே மச்சான்."

பாய் குனிந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இதுக்கு ஒண்ணு உண்டும்லா... என்னமோ ஒண்ணு உண்டு..." என்று நெற்றியைத் தேய்த்தார். கடைசிவரை அது வரவில்லை. "ஆமா, சேரலதான்" என்று சாவியை ரசீத் கையில் வைத்துவிட்டு நடந்தார். வழி தப்பிவிடக் கூடாதே என்று நான் பின்னாலேயே போனேன்.

வீட்டில் உட்கார்ந்த பிறகு மனுஷர் மளமளவென்று கரைந்தார். கிண்டல் நின்றது. ஏதாவது கேட்டால், "ரசீதுகிட்ட கேளுங்க, எனக்குத் தெரியாது" என்பார்.

ரசீதுக்கு அந்த எஞ்சினைத் தொட மனசில்லை. சார் நச்சரித்த பிறகுதான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்தான். எங்கே பிசகு என்று பார்க்க, கியரைப் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் பையச் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றச் சுற்ற, புள்ளிகள் தாமாக நேருக்கு நேர் வந்து நின்றன. பாய் அன்று உதைத்துச் சுற்றியதில் கலைந்தவை அவை. நடுச்சக்கரத்தின் பல் கணக்கு மற்றதோடு ஒத்துப்போகாது. அதனால் அந்த எஞ்சினில் கிட்டத்தட்ட நூறு சுற்றுக்கு ஒருமுறைதான் புள்ளிகள் கூடும். பாய்க்கு அன்று நாக்கு வரை வந்து நின்றது இதுதான்.

"அண்ணாச்சி, மச்சான் சரியாத்தான் பூட்டியிருக்காவ" என்று ரசீத் என் கடைக்குள் ஓடிவந்து அழுதான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்து என்ன ஆகப்போகிறது?

பாயையும் ரைஹானத்தையும் அழைத்துவந்தோம். அதற்குள் ரசீத் மேலும் சுற்றிப் பார்த்திருந்ததால் புள்ளிகள் மறுபடி கலைந்து நின்றன. "நீங்க பூட்டுனது அப்படியே இருக்கு மச்சான். பாத்துக்கிட்டே இருங்க, நான் சுத்துதேன்" என்று ஆரம்பித்தான். பாய் முதலில் உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கண் ரோட்டுக்குப் போய்விட்டது. ஒரு பஸ் திரும்புவதை வேடிக்கை பார்த்தார். ரைஹானத் அவர் தாடையைத் தொட்டுத் திருப்பி வைத்தார். மறுபடியும் கண் ரோட்டுக்குப் போயிற்று. சுற்று மட்டும் முடிகிற வழியைக் காணோம்.

"சேந்துட்டு மச்சான்! பாருங்க!"

பாய் திரும்பிக் குனிந்தார். ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டார். முகம் மலர்ந்துவிட்டது. ரசீதின் தோளில் தட்டினார்.

"சரி பண்ணிட்டியே லே! கெட்டிக்காரன்தான். நான் பூட்டுனப்ப சேரல."

"ஐயோ மச்சான், இது நீங்க பூட்டுனதுதான். நான் ஒண்ணையும் மாத்தல."

ரைஹானத் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாய் அவரையும் பார்த்தார், ரசீதையும் பார்த்தார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுத. நீதானே தொறந்து, புள்ளி சேரலன்னு காட்டுன?" என்றார். "அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குல்லா."