மூன்று ஓட்டையும் ஒரு லிப்ட்டும்

'ஒரு வேலைக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். இரண்டு பேர் என்றால், எவரும் இல்லை.'

விதி எண் நான்கு. நான் வேலை பார்த்த கம்பெனியின் திட்ட நடைமுறைக் கையேட்டில் இருக்கிறது. எழுதியது யார்? அடியேன்தான். இந்த விதியை மீறிய எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். ஆனி மாதக் கடைசியில் எனக்கு நானே ஒன்று கொடுத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

விஷயம் எங்கள் பீளமேடு அபார்ட்மென்ட்டின் லிப்ட். வயதாகிவிட்டது, நினைத்த மாடியில் நிற்கும், நினைத்தபோது கிளம்பும். மோட்டாரையும் கன்ட்ரோல் பேனலையும் மாற்றுவதென்று முடிவாயிற்று. அதே சமயம் என் மனைவி சரோஜாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிளானிங் இன்ஜினியர் துள்ளி எழுந்தான். அவள் அங்கே, லிப்ட் வேலை இங்கே — இரண்டும் ஒரே நேரத்தில்! அவள் திரும்பி வரும் வியாழக்கிழமை, புது லிப்ட்டில் ஜம்மென்று மூன்றாவது மாடிக்கு ஏறலாம். சார்ட் போட்டேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் அடித்தேன். இரண்டு நாள் உபரியாகக்கூட விட்டிருந்தேன்.

சரோஜா சார்ட்டைப் பார்த்தாள். கலரெல்லாம் நல்லாயிருக்குதுங்க என்றாள். பிறகு, "நம்மூட்டுக்கு ஐம்பத்து நாலு படிங்க. ஞாபகம் வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மேற்பார்வைக்கு மூன்று பேர் குழு. நான். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற பழனிசாமி. மில் மெயின்டனன்ஸில் தலை நரைத்த ரங்கராஜ். மூவரும் ரிட்டையர்டு, மூவருக்கும் பேச ஆள் கிடைக்காத காலம். லிப்ட் கம்பெனி அனுப்பிய சைட் இன்ஜினியர் நந்தினி, வெள்ளகோவில் பெண். வந்த முதல் நாளே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு கேள்வி போட்டாள்.

'வணக்கமுங்க சார். இந்த வேலைல முடிவு சொல்றது யாருங்க?'

எவ்வளவு தெளிவான கேள்வி! பழனிசாமி கும்பிடு போடும் கைகளைப் போட்டார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ரங்கராஜ் படித்ததற்கு அடையாளமாக நந்தினியின் போனில் நீல டிக் மட்டும் விழுந்ததாம்.

ஏன் யாரும் பதில் சொல்லவில்லை? நம் ஊர்க் கல்யாணப் பந்தியைப் பார்த்திருப்பீர்கள். நீங்க உக்காருங்க… அட, நீங்க மொதல்ல உக்காருங்க… இலை வாடுகிற வரை இது நடக்கும். 'நான்தான் பொறுப்பு' என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவு. 'அவர்தான் பொறுப்பு' என்று சொல்லவோ மனசு வராது. ஆக, தலைவர் பதவியை மூவரும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தோம். உத்தரவு போடுவதை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பேனலைத் தரைத்தளத்தில் வைக்கச் சொன்னார் பழனிசாமி; கரண்டை நிறுத்த வசதியாம். மில்லில் எல்லாம் நடுவில்தான் வைப்போம், இரண்டாவது மாடிதான் சரி என்றார் ரங்கராஜ். நான் மூன்றாவது மாடி என்றேன். என் வீட்டு வாசல் பக்கத்தில் இருந்தால் கண்காணிக்கலாமல்லவா? நந்தினி மூவருக்கும் "சரிங்க சார்" என்றாள். அவளுடைய ஆட்களும் "சரிங்க" என்றார்கள். கேபிள் நுழைய மூன்று தளத்துச் சுவர்களில் மூன்று ஓட்டை போட்டார்கள். பேனல் மட்டும் பெட்டி பிரிக்காமல் படிக்கட்டில் கிடந்தது — ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து சரோஜாவின் போன். வாக்கர் பிடித்து நடக்கிறாளாம். மூன்று படி ஏற வைத்தார்களாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். டாக்டர் வியாழக்கிழமையை உறுதி செய்துவிட்டார். லிப்ட் என்னாச்சு என்று கேட்டாள். பேனல் இடம் குறித்து மூன்று கருத்துகள் நிலவுவதை நான் விளக்க ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, வெளக்கமெல்லாம் வேண்டாம். யாரு பொறுப்பு? பேரச் சொல்லுங்க."

முப்பது வருஷ சர்வீஸ். மற்றவர்களிடம் நான் கேட்டுவந்த அதே கேள்வி.

சார்ட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பேனல் பெட்டி மேல் உட்கார்ந்து நந்தினி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். வேலை ஏன் நகரவில்லை என்று கேட்டேன். சார்ட்டை வாங்கி மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள்.

"பிளான் அருமையா இருக்குதுங்க சார். செய்யறவ பேரு மட்டும் எங்கயும் இல்லீங்க."

பேனலை எங்கேதான் வைக்க வேண்டும் என்றேன். மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குள்ளே என்றாள். டிராயிங்கில் அப்படித்தான் இருக்கிறதாம். கட்டிடம் கட்டியபோதே அங்கே ஓட்டையும் விட்டிருக்கிறார்களாம்.

"இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"மூணு பேரும் பெரியவங்க. யாருகிட்டச் சொல்றதுன்னுதானுங்க சார் மொத நாளே கேட்டேன்."

அங்கேயே நின்று குரூப்பில் டைப் செய்தேன்: 'இன்று முதல் முடிவு சொல்பவர் நந்தினி. மற்ற மூவரும் அவர் சொல்வதைக் கேட்கவும்.' என் வாழ்நாளில் நான் போட்ட மிகச் சிறிய சர்க்குலர்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! அரை மணி நேரத்தில் பழனிசாமி மெயின் சுவிட்ச் காவலுக்குப் போனார். படிக்கட்டில் யாரும் சாமான் வைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை ரங்கராஜுக்கு. எனக்கு?

"சாருக்குப் பிளானிங் நல்லா வருமுங்களே. அந்த மூணு ஓட்டைய எங்கிருந்து அடைக்க ஆரம்பிக்கலாமுன்னு பாத்து, அப்படியே அடைச்சுப்போடுங்க."

அடைத்தேன். கீழிருந்து மேலாக. ஒரு கையில் பட்டிக் கலவை, ஒரு கையில் பூசும் தகடு, மனசு முழுக்கக் குதூகலம். உத்தரவு போடாமல் ஒரு வேலையை முடிப்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறதென்று எந்தக் கையேட்டிலும் நான் எழுதவில்லை.

லிப்ட் புதன்கிழமை சாயங்காலம் ஓடியது. மூட்டை ஏற்றிச் சோதித்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வியாழக்கிழமை சரோஜா வாக்கரோடு உள்ளே நுழைந்து, மூன்று என்ற பட்டனை அவளே அழுத்தினாள். ஐம்பத்து நாலு படியும் சத்தமில்லாமல் கீழே போயின. மேலே கதவு திறந்ததும் எதிரே சுவரைப் பார்த்தாள்.

"இந்தப் பூச்சு யாரு வேலைங்க? மேடு பள்ளமா இருக்குது."

"நான்தான்" என்றேன். பளிச்சென்று. எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள், பழகிவிட்டால்!

தலைமைப் பண்பு பற்றி நானும் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். இப்போது கேட்டால் ஒரே வரிதான் சொல்வேன்: கேட்ட அன்றைக்கே ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள், மரியாதையைப் பந்தியில் காட்டிக்கொள்ளலாம்.

சரோஜா இப்போது வாக்கர் இல்லாமலே லிப்ட்டில் இறங்கி, காய் வாங்கிவிட்டு வருகிறாள். நேற்று அவள் கீழே போயிருந்தபோது என் போன் ஒலித்தது. முடிவு சொல்வது யார் என்று நந்தினி முதல் நாள் கேட்ட கேள்விக்கு, ரங்கராஜ் பதில் அனுப்பியிருந்தார்: 'நல்லா யோசிச்சுப் பாத்தேனுங்க. நம்ம மூணு பேருல யாரு இருந்தாலும் எனக்குச் சம்மதம்.'

கேள்வி கேட்ட மாதம்: ஆனி. பதில் வந்து சேர்ந்த தேதி: ஆடி பதினெட்டு.