கொத்தமல்லி பிடுங்கும் மாதம்

வாலிகண்டபுரத்து இருசம்மாள் சென்னையில் பி.பார்ம் படிக்கச் சேர்ந்தது எண்பத்தொன்றில். "மருந்துக் கடையில நிக்கிறதுக்கு நாலு வருசம் படிக்கணுமா?" என்று ஊரில் சிரித்தார்கள். அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "ஆமா, படிக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அப்படி வீம்பாக வந்தவளால், ஊர் நினைப்பு வாட்டுகிறது என்று ஹாஸ்டலில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் வருடம் மாசி மாதத்தில் மூலிகைச் சரக்குகளை அடையாளம் காணும் செய்முறைத் தேர்வு வந்தது. தட்டில் இருக்கும் பொடியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, படம் வரைந்து, பிறகுதான் பெயர் சொல்ல வேண்டும். இருசம்மாளுக்குத் தட்டை எடுத்ததுமே வாசனை வந்துவிட்டது. கொத்தமல்லி. அவர்கள் கரிசல் கொல்லையில் விளைவது. பனி ஈரம் காய்ந்தால் காய் உதிர்ந்துவிடும் என்று, வெயில் ஏறுமுன்பே வீட்டோடு இறங்கிச் செடிகளைப் பிடுங்குவார்கள். அன்றைக்கு முழுக்கக் கை மணக்கும். சோறு தின்று கழுவினாலும் போகாது. போன மாசியிலும் அவள் அங்கே இல்லை.

பேராசிரியர் வந்து நின்றார். தாவரப் பெயர், குடும்பம், பயன் எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பித்தாள்.

"இதை எப்பம்மா சேகரிக்கணும்?" என்று கேட்டார்.

காய் முற்றி நிறம் மாறும்போது என்று புத்தகத்தில் இருக்கிறது. முந்தின நாள்தான் உருப்போட்டிருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"இப்பதாங்க சார். இன்னிக்கிக் காலையிலகூட எங்கம்மா புடுங்கியிருப்பாங்க."